பார்சல் என்று வந்த லிங்கைத் தொட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது?

மனையாவெளி அக்கா | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. அண்ணா ஸ்கார்பரோவிலிருந்து மகளுக்கு ஒரு பார்சல் போட்டு மூன்று கிழமையாகிறது. இன்று பின்னேரம் தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. பார்சல் வந்துவிட்டதாம், முகவரி முழுமையாக இல்லையாம், 12 மணித்தியாலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். லிங்க் வேலை செய்யவில்லை என்றால் 'ஒய்' என்று பதில் போட்டுவிட்டுத் திரும்பத் திறக்கச் சொல்லியும் இருந்தது. அப்படியே செய்தேன். திறந்த பக்கத்தில் சின்னமெல்லாம் அச்சொட்டாக இருந்தது.

மகள் ரியூஷனால் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது பிஷிங், தூண்டில் போட்டு விவரம் பறிக்கிற மோசடி" என்கிறாள். சும்மா தொட்டதுதான். போன் ஐபோன், அண்ணா போன முறை வந்தபோது தந்த பழையது. பயத்தில் அணைத்துவிட்டு மகளின் போனிலிருந்து எழுதுகிறேன். இதனால் ஏதும் ஆகுமா?

ஏழு கிணறு | இரவு 9.20

பார்சலுக்குக் காத்திருக்கும் ஆளுக்குச் சரியாகப் பார்சல் மெசேஜ்! உங்கள் அண்ணாவின் போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் போல இருக்கிறதே அக்கா.

துறைமுகக் காற்று | இரவு 9.26

ஒருவரும் ஒட்டுக்கேட்கவில்லை. ஏழு கிணறு, ஆளைப் பயப்படுத்தாதீர்கள். தூண்டில் என்று பேர்தானே தவிர இது கரைவலை. ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்கு ஒரே மெசேஜைப் போட்டு இழுப்பார்கள். திருகோணமலையில் பாதி வீடுகளுக்கு வெளிநாட்டில் ஒரு அண்ணனோ மாமாவோ இருக்கிறார், எப்போதும் ஏதோ ஒரு பார்சல் வழியில் இருக்கும். அதனால் 'எனக்கே வந்த மெசேஜ்' என்று தோன்றும்.

அந்த 'ஒய்' கதைக்குக் காரணம் இருக்கிறது. தெரியாத இலக்கத்திலிருந்து வரும் ஐமெசேஜில் உள்ள லிங்க்கை ஐபோன் அப்படியே திறக்க விடாது. நீங்கள் பதில் போட்டால், தெரிந்த ஆள் என்று எடுத்துக்கொண்டு திறந்துவிடும். அந்தக் கதவை உங்கள் கையாலேயே திறக்க வைத்திருக்கிறார்கள்.

தொட்டது மட்டும்தான் என்றால் பெரிய பயம் வேண்டாம். அந்தப் பக்கத்தை மூடுங்கள், சபாரியில் வரலாற்றையும் தளத் தரவையும் அழியுங்கள், போனுக்கு அப்டேட் நிலுவையில் இருந்தால் போடுங்கள். ஆனால் இப்படிப்பட்ட பக்கம் சும்மா திறந்து மூடிவிட விடாது, ஏதாவது கேட்கும். என்ன கேட்டது, நீங்கள் என்னென்ன தட்டினீர்கள், ஓடிபி (வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறைக் குறியீடு) வந்ததா? வெட்கப்படாமல் எழுதுங்கள், இங்கே பலரும் மாட்டியவர்கள்தான். நான் 2019இல் என் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே தூக்கிக் கொடுத்தவன்.

மனையாவெளி அக்கா | இரவு 9.41

பெயர், முகவரி, போன் இலக்கம் போட்டேன். அடுத்த பக்கத்தில் மீண்டும் கொண்டுவந்து தர 89 ரூபா 50 சதம் என்று கேட்டது. கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் எல்லாம் போட்டேன். ஓடிபியும் வந்தது, அதையும் போட்டேன். "குறியீடு பிழை, இன்னொன்று அனுப்புகிறோம்" என்றது. இரண்டாவது வந்தது. அதற்குள் சோறு அடிப்பிடிக்கும் மணம் வர, எரிச்சலில் மூடிவிட்டுப் போய்விட்டேன். ஆகவே காசு போயிருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் இதை எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். கணவர் கட்டாரில். அவரும் இந்தத் தளத்தை வாசிக்கிறவர். அவர் அனுப்பும் காசு விழுவதும் அந்தக் கணக்கில்தான்.

துறைமுகக் காற்று | இரவு 9.43

அக்கா, இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். கார்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வங்கியின் இலக்கம் இருக்கும். இப்போதே எடுத்து "என் கார்ட் விவரமும் ஓடிபியும் மோசடிக்காரர் கையில், கார்டை உடனே நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். வங்கியின் ஆப் இருந்தால், ஹொட்லைன் எடுபடும் வரை அதற்குள் போய்க் கார்டை முடக்குங்கள். பிறகு உங்கள் போனை ஓன் செய்து அந்த இரண்டு ஓடிபி எஸ்எம்எஸ்ஸையும் திறந்து முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வாசியுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

மேசை ஓய்வு | இரவு 9.50

31 வருடம் வங்கி மேசையில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு சொல். இலக்கத்தைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள் தங்கச்சி, வங்கியின் பெயரில் போலி இலக்கம் போட்டு விளம்பரம் செய்யும் கூட்டமும் இருக்கிறது. கார்டின் பின்பக்கம், இல்லையென்றால் பாஸ்புத்தகம். பேசியவுடன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, எத்தனை மணிக்குப் பேசினீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். காசு விவகாரத்தில் பிறகு எல்லாம் அந்த மணியில்தான் நிற்கும்: நீங்கள் சொன்னதற்கு முன் போன காசா, பின் போன காசா என்று.

நிலாவெளி நிலா | இரவு 10.02

எல்லாவற்றுக்கும் முதல் போனை பேக்டரி ரீசெட் செய்துவிடுவது நல்லதல்லவா? வைரஸ் ஏறியிருந்தால்?

துறைமுகக் காற்று | இரவு 10.08

தங்கச்சி, அக்காவிடமிருந்து போனது போனில் இருந்த ஒன்றல்ல, அவர் கையால் தட்டிக் கொடுத்த இலக்கங்கள். போனைத் துடைத்தால் அந்த இலக்கங்கள் திரும்பி வராது. மெசேஜ், ஓடிபி, நேரம் என்று ஆதாரமாக இருப்பவைதான் அழியும். இப்போதைக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டும்.

மனையாவெளி அக்கா | இரவு 10.31

17 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை எடுத்தது. கார்டை நிறுத்தியாகிவிட்டது. முறைப்பாட்டு இலக்கமும் வாங்கினேன், ஐயா சொன்னபடி மகளின் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எஸ்எம்எஸ்களை இப்போதுதான் வாசித்தேன். கை நடுங்குகிறது. முதலாவது 5.52க்கு: 212.40 யூரோ, ஏதோ ஒரு கடையின் பெயர். இரண்டாவது 5.55க்கு: 389 யூரோ. அப்போது ஏன் வாசிக்கவில்லை என்று மகள் கேட்கிறாள். நான் மெசேஜைத் திறக்கவே இல்லை. ஆறு இலக்கமும் கீபோர்டுக்கு மேலே தானாக வந்து நின்றது. விரலால் தொட்டேன், போய் ஒட்டிக்கொண்டது.

முதலாவது போய்விட்டதாம், எழுபதாயிரத்துக்கு மேல். இரண்டாவது போகவில்லை.

துறைமுகக் காற்று | இரவு 10.44

சோறு அடிப்பிடித்தது நல்ல காலம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் அந்தப் பக்கத்தில் கார்ட் இலக்கத்தைத் தட்டத் தட்ட, மறுபக்கத்தில் அதை எடுத்து ஒரு உண்மையான கடையில் போட்டு வாங்குகிறார்கள். உங்கள் வங்கி உண்மையான ஓடிபியை உங்களுக்கு அனுப்புகிறது. நீங்கள் அதைப் போலிப் பக்கத்தில் போட, அது அங்கே போய் வேலையை முடிக்கிறது. "குறியீடு பிழை" என்று வந்ததே, அது பொய். முதல் குறியீடு சரியாகத்தான் இருந்தது. இரண்டாவதைக் கேட்டது இரண்டாவது கொள்வனவுக்கு. நீங்கள் போட்டுக்கொண்டே இருந்திருந்தால் கணக்கு வற்றும் வரை "பிழை, பிழை" என்றே சொல்லியிருக்கும்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் இலக்கத்தைவிட முக்கியமானது அதோடு வரும் தொகையும் பெயரும். அந்தத் தானாக நிரப்பும் வசதி இலக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, வாசிக்க வேண்டியதை மறைத்துவிடுகிறது. நான் என் போனில் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று அக்கா. உங்கள் பெயர், முகவரி, போன் இலக்கம், எந்த வங்கி என்பதெல்லாம் இப்போது அவர்கள் கையில். நாளையோ நாளை மறுநாளோ "வங்கியிலிருந்து பேசுகிறோம், போன காசைத் திருப்பிப் போட ஒரு குறியீடு வரும், சொல்லுங்கள்" என்று ஒருவர் எடுப்பார். எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வைத்துவிட்டு நீங்களே வங்கிக்கு எடுங்கள்.

கடைசியாக, அந்தப் பக்கத்தில் கடவுச்சொல் ஏதும் போட்டீர்களா?

மனையாவெளி அக்கா | இரவு 10.52

இல்லை. மின்னஞ்சல் முகவரி மட்டும்.

துறைமுகக் காற்று | இரவு 10.55

அப்போது இன்றைக்கு அது போதும். படுங்கள்.

கடவுச்சொல் கொடுத்தவர்கள் யாராவது இதை வாசித்தால்: வேறு ஒரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்றெல்லாவற்றையும் மீட்கும் சாவி அதுதான். பிறகு எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றுங்கள், இரு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பலர் பார்க்க மறக்கும் ஒரு இடம் இருக்கிறது: மின்னஞ்சல் அமைப்பில் 'முன்னனுப்பு', 'வடிகட்டி' பகுதிகள். எனக்கு 2019இல் அதுதான் நடந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். 'வங்கி' என்ற சொல் வரும் கடிதமெல்லாம் இரண்டு மாதமாக யாருக்கோ பிரதி போய்க்கொண்டிருந்தது. மீட்பு இலக்கம், மீட்பு மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

கிண்ணியாப் பாலம் | இரவு 11.20

அஸ்ஸலாமு அலைக்கும். போன் திருத்தும் கடை வைத்திருப்பவன், ரீசெட் கதைக்கு வருகிறேன். நிலா தங்கச்சி சொன்னது எல்லா இடத்திலும் பிழையில்லை.

போன மாதம் ஒரு நானா கடைக்கு வந்தார், அண்ட்ரொய்ட் போன். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் இலக்கத்திலிருந்தே கல்யாண அழைப்பிதழ் வந்ததாம். தொட்டால் படம் வரவில்லை, ஒரு ஆப் ஏறியது. கோப்பின் பெயர் முடிவில் 'ஏபிகே' என்று இருந்தது, அண்ட்ரொய்ட் ஆப் ஏற்றும் கோப்பின் அடையாளம் அது, அதை அவர் எங்கே கவனிக்கப் போகிறார். அந்த ஆப் எஸ்எம்எஸ் வாசிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். 'அணுகல்தன்மை' அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தார். அந்த இரண்டாவது அனுமதி கிடைத்தால் திரையில் இருப்பதை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும். நீக்கப் போனால் அமைப்புப் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. நானா அதைப் பேய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

நான் செய்தது: முதலில் விமானப் பயன்முறை, வைபையும் நிறுத்தம், சிம் வெளியே. பிறகு பாதுகாப்புப் பயன்முறையில் போனை எழுப்பினேன், அதில் வெளியிலிருந்து ஏறிய ஆப்கள் ஓடாது. அணுகல்தன்மை, சாதன நிர்வாகி இரண்டு பட்டியலிலும் அதைத் தட்டிவிட்டு, நீக்கினேன். சிம்மை வேறு போனில் போட்டு வங்கிக்கு எடுக்க வைத்தேன். படங்களை மட்டும் பிரதி எடுத்துவிட்டு அப்புறம்தான் பேக்டரி ரீசெட். ஆக, ஆப் ஏதும் ஏறியிருந்தால் ரீசெட் நியாயம். வெறும் பக்கத்தில் இலக்கம் தட்டியதற்கு ரீசெட் செய்வது, பேர்ஸ் களவு போனதற்கு வீட்டைக் கழுவுகிற மாதிரி.

அக்காவின் ஐபோனில் லிங்க்கால் இப்படி ஆப் ஏறுவது அரிது. அமைப்பில் 'பொது' என்பதற்குள் விபிஎன், சாதன மேலாண்மை என்று ஒரு இடம் இருக்கும். அங்கே தெரியாத புரொபைல் ஏதும் இல்லையென்றால் சரி.

நிலாவெளி நிலா | புதன், காலை 7.15

நன்றி நானா. இன்னொரு கேள்வி. என் கம்பஸ் தோழி ஒருத்தி, யாரோ பிள்ளையின் சித்திரப் போட்டிக்கு வாக்குப் போடும் லிங்க் என்று தொட்டு, வந்த ஆறு இலக்கத்தைப் போட்டதும் வாட்ஸ்அப் போய்விட்டது. இப்போது அவள் பெயரில் எல்லோரிடமும் இருபதாயிரம் கேட்டு மெசேஜ் போகிறது.

கிண்ணியாப் பாலம் | காலை 7.48

முதலில் அவளுடைய சொந்தக்காரர், வகுப்புக் குரூப் எல்லோருக்கும் வேறு வழியால் சொல்லுங்கள், காசு போவது நிற்கட்டும். பிறகு வாட்ஸ்அப்பை நீக்கித் திரும்பப் போட்டு அவளுடைய இலக்கத்தாலேயே பதிவு செய்யட்டும். குறியீடு அவளுடைய சிம்முக்குத்தான் வரும், அதைப் போட்டவுடன் மற்றவன் வெளியே. அவன் இரு படி பின் இலக்கம் வைத்துவிட்டிருந்தால் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனாலும் அவன் வெளியேதான். உள்ளே போனதும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள். அழைப்புகளைத் திசைதிருப்பி வைத்திருக்கிறானா என்று பார்க்க *#21# அடிக்கலாம். ##002# அடித்தால் எல்லாத் திசைதிருப்பலும் ரத்தாகும்.

மனையாவெளி அக்கா | புதன், பகல் 1.05

துறைமுகக் காற்று தம்பி, நீங்கள் சொன்ன ஆள் இன்று காலை 10.10க்கு எடுத்தார்.

நான் வங்கிக் கிளைக்குள் வரிசையில் நிற்கிறேன், போன் வருகிறது. நல்ல தமிழ், "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். என் பெயர் சொன்னார், கார்டின் கடைசி நான்கு இலக்கம் சொன்னார், நேற்று போன தொகையைச் சதம் பிசகாமல் சொன்னார். "உங்கள் முறைப்பாட்டை நான்தான் பார்க்கிறேன், காசைத் திருப்பிவிட ஒரு குறியீடு வரும்" என்றார். இங்கே இரவு வாசிக்காமல் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். "நான் உங்கள் வங்கிக்குள்தான் நிற்கிறேன், நீங்கள் எந்த மேசையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

கிளையில் ஒரு படிவம் தந்தார்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் வேண்டும் என்றார்கள். ஓடிபி நானே கொடுத்ததால் காசு திரும்புவது கஷ்டம் என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள்.

ஏழு கிணறு | பகல் 1.20

எந்த மேசை!! அக்கா, நேற்று ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எழுதியதற்கு மன்னிப்பு. உங்களுக்கு ஒரு பால்தேநீர் என் கணக்கில்.

மேசை ஓய்வு | பகல் 2.10

'கஷ்டம்' என்பதும் 'முடியாது' என்பதும் ஒன்றல்ல தங்கச்சி. வாயால் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஒரு கொள்வனவு முதலில் 'நிலுவை' என்று நிற்கும், கடைக்குக் காசு போய்ச் சேருவது பிறகு. அந்த இடைவெளியில் முறைப்பாடு போனால் சில நேரம் பிடிக்கலாம். அதன் பிறகும் விசா, மாஸ்டர்கார்ட் போன்ற கார்ட் வலையமைப்பு வழியாக, இந்தக் கொள்வனவை ஏற்கவில்லை என்று மறுப்புக் கோரிக்கை வைக்க வழி உண்டு. ஓடிபி கொடுத்தது உங்களுக்குப் பாதகம்தான், மறைக்க வேண்டாம். ஏமாற்றி வாங்கியது என்பதையும் ஐந்து மணியிலிருந்து நடந்ததையும் வரிசையாக எழுதி, ஸ்கிரீன்ஷொட்டோடு கொடுங்கள்.

வங்கியின் பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோரின் முறைப்பாடுகளைக் கவனிக்கத் தனித் திணைக்களமே இருக்கிறது, 1935க்கு எடுக்கலாம். ஆனால் முதலில் உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பொலிஸில் யாராவது "இதுக்கெல்லாம் என்ன சட்டம்" என்று இழுத்தால் சொல்லுங்கள்: 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, அதற்கு முந்திய வருடமே கார்ட் மோசடிக்கென்று 30ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு 101இல் அந்த லிங்க்கை அறிவித்துவிடுங்கள். உங்கள் காசை அவர்கள் தேடித் தரமாட்டார்கள், அந்தப் பக்கத்தை முடக்க முயற்சி எடுப்பார்கள்.

நெறியாளர் | பகல் 3.02

இன்று பதிவாகிய ஒரு புதிய உறுப்பினர், "இழந்த பணத்தை மீட்டுத் தரும் ஹெக்கர்" என்று ஒரு வாட்ஸ்அப் இலக்கத்தை இங்கே போட்டிருந்தார். நீக்கியாகிவிட்டது. மனையாவெளி அக்கா, உங்களுக்குத் தனிமடலிலும் வந்திருந்தால் பதில் போட வேண்டாம். ஏமாந்தவர்களைத் தேடி வந்து 'முன்கட்டணம்' வாங்குவது இதே தொழிலின் இரண்டாம் பாகம்.

ஏழு கிணறு | பகல் 3.30

பகிடியை விட்டு ஒரு கேள்வி. அந்தப் போலிப் பக்கத்தின் இணைய முகவரியில் 'போஸ்ட்' என்றும் 'எல்கே' என்றும் இருந்ததாம், பூட்டுச் சின்னமும் இருந்ததாம். பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

துறைமுகக் காற்று | பகல் 4.05

பூட்டுச் சின்னம் சொல்வது வழியில் யாரும் வாசிக்க முடியாது என்பதை மட்டும்தான். போய்ச் சேரும் ஆள் யோக்கியமா என்று அது சொல்லாது. கள்ளனும் இலவசமாகப் பூட்டு வாங்கலாம்.

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள், அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். அரசாங்கத் தளம் என்றால் அந்தக் கோட்டுக்கு ஒட்டி 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடிய வேண்டும். அக்கா அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில் 'போஸ்ட்', 'எல்கே' எல்லாம் முன்னால் இருக்கிறது, கோட்டுக்கு ஒட்டி இருப்பது 'டொட் டொப்'. வீட்டுக்கு யார் பெயரும் எழுதி ஒட்டலாம், உறுதியில் யார் பெயர் என்பதுதானே கேள்வி. மெசேஜ் வந்த இலக்கமோ +63இல் தொடங்குகிறது, அது பிலிப்பைன்ஸ்.

பார்சலைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாவிடம் ரசீதில் உள்ள இலக்கத்தைக் கேளுங்கள். பதிவுத் தபால் இலக்கம் 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், முடிவில் நாட்டின் இரண்டு எழுத்து. கனடாவிலிருந்து வந்தால் 'சிஏ'. அதைத் தபால் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே போய்த் தட்டுங்கள். அவர்கள் இப்படி லிங்க் அனுப்பிக் கார்ட் விவரம் கேட்பதில்லை என்று எத்தனையோ தடவை அறிவித்துவிட்டார்கள்.

மனையாவெளி அக்கா | 16 நாட்களின் பின்

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். புதுக் கார்ட் வந்துவிட்டது, இணையக் கொள்வனவை நிறுத்தியே வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது ஆப்பில் திறக்கலாம். போன காசு இன்னும் 'விசாரணையில்'. மேசை ஐயா சொன்னபடி எழுத்தில் கொடுத்ததால் அவர்களும் எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள், 45 நாள் கேட்டிருக்கிறார்கள்.

பார்சல் நேற்று வந்தது. தபால்காரர் படலையில் மணி அடித்தார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். முகவரியில் ஒரு பிழையும் இல்லை, அண்ணாவின் கோணல் எழுத்தில் வீட்டு இலக்கம் முதல் கொண்டு இருந்தது. சொக்கலேட் உருகி மகளின் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

தோஹா திருமலை | அதே நாள், இரவு 8.40

முதலிலிருந்து வாசித்தேன். கோபம் இல்லை. எனக்கும் போன மாதம் ஒன்று வந்தது, பார்சலுக்கு 10 ரியால் கட்டச் சொல்லி. கட்டினேன். பத்து ரியால்தானே என்று யாருக்கும் சொல்லவில்லை. இரவு எடுக்கிறேன், போனை ஓனில் வையும்.

துறைமுகக் காற்று | இரவு 8.43

அண்ணா, அந்த ஓடிபி மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறதா?